வாடையும் வடலியும்

பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து மேலே வருவதில்லை. முதலில் ஒரு வெண்ணிற முளை நேரே மண்ணுக்குள் இறங்கும். இளகிய மண்ணென்றால் முழங்கை ஆழத்துக்கும் கீழே போகும். வருங்கால மரத்தின் கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டுதான் அது இறங்குகிறது. வேண்டிய ஆழம் போனபின் வேர் கீழே பிடிக்கும். அதன்பிறகே முதல் ஓலை மேலே கிளம்பும். அந்த ஓலையின் உறையில் மாச்சத்து சேர்ந்து பருப்பதைத்தான் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். இவ்வளவுக்கும் சாப்பாடு மேலே கிடக்கும் கொட்டையிலிருந்து போகிறது. அதன் உள்ளே பஞ்சுபோல ஊதிய பூரான், பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. ஆறேழு மாதம் மழை அதிகம் காணாத நிலத்தில், மாடு மேய்ந்தாலும் காய்ந்த புல்லில் தீ ஓடினாலும் தப்பிப் பிழைக்க, உயிர்முனையை மண்ணுக்குள் ஒளித்து வைப்பதைவிட நல்ல வழி ஒரு மரத்துக்கு இல்லை.

இந்த முளையின் கணக்கை நன்றாக அறிந்த ஊர்களில் பண்டத்தரிப்பும் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கு மூலையில், வலிகாமத்துச் செம்பாட்டு மண் முடிந்து கரையோர மணல் தொடங்கும் பக்கமாக இருக்கிறது. வடலியடைப்பு, சில்லாலை, மாதகல் எல்லாம் கூப்பிடு தூரம். அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் இங்கே வந்து மருந்து கொடுக்கத் தொடங்கியதால் மருத்துவ வரலாற்றில் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் வந்தபோது, பக்கத்துச் சில்லாலையின் சித்த வைத்தியம் போல, இந்தக் காய்ந்த நிலத்தில் பிழைப்பது எப்படி என்ற அறிவும் இங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அது ஏட்டில் இருந்ததைவிட வேலை நாட்காட்டியில்தான் அதிகம் இருந்தது.

ஆவணியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றி, அடுக்கடுக்காகக் காயவைத்தால் பனாட்டு. அதற்குத் தொடர்ந்து கடும் வெயில் வேண்டும். மீந்த கொட்டைகளை மழைக்கு முன்னர் பாத்தியில் அடுக்கி மண் மூடினால், ஐப்பசி கார்த்திகை மழை அவற்றை வளர்க்கும். தை பிறந்ததும் பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்து, பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இதற்கும் வெயில் வேண்டும். ஆக, ஒரே பழத்திலிருந்து வருடம் முழுதுக்கும் உணவு எடுக்க முதலில் வெயில், பிறகு மழை, திரும்ப வெயில் என்று வரிசை பிசகாமல் நடந்தாக வேண்டும். அந்த வரிசையைத் தருவது காற்று.

குடாநாட்டுக் கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் காற்று நான்கு. தென்மேற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கும் வடகிழக்குமாக வாடை. மாதகல் கரைக்குச் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, ஆகவே கரையோரக் கடல் அடங்கியிருக்கும். வாடை கடலிலிருந்து முகத்தில் அடிக்கும் காற்று, அலை எழும். ஒரே கடல், ஒரே வள்ளம். தொழில் முறை மட்டும் காற்றோடு மாறும். வருடத்தில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கும் இந்த நிலத்தில் அதன் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரையிலான வாடைக் காலத்தில் விழுந்துவிடுகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, சண்டிலிப்பாய் வயல்களைத் தொட்டு, அராலியில் கடனீரேரியில் சேரும் வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடுவது. மீதி மாதங்களுக்கெல்லாம் நிலத்தடி நீர்தான்.

அந்த நீர் இருக்கும் விதம் ஓர் அதிசயம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. குடாநாட்டின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழே ஏற்கெனவே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு வில்லையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது, அவ்வளவுதான் அதைத் தாங்கும் விசை. ஐரோப்பியக் கடற்கரைகளில் கிணறு ஆராய்ந்த கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே இதற்கொரு கணக்குக் கண்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் அச்சம் வரும். கிணற்றின் மட்டம் நிரந்தரமாகப் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலுள்ள உப்பு காலப்போக்கில் நாலு மீற்றர் ஏறிவரலாம். சுண்ணாம்புக் குகைகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது. சில வெடிப்புகள் வழியே கடல் நேராகவே உள்ளே வந்துவிடும். ஆனால் போக்கு இதுதான்.

துலாவால் இறைத்த காலத்தில் இந்த வில்லைக்கு ஒரு காவல் இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் பயிருக்குத் தண்ணீர் கட்ட, மூன்று பேர் உடம்பு களைக்கும் அளவுக்குமேல் தண்ணீர் வராது. கிணறும் களை ஆறி ஊறிக்கொள்ளும். 1950களிலும் அதற்குப் பின்னரும் மண்ணெண்ணெய் மெசின் வந்தபோது உடம்பு தப்பியது. கிணற்றுக்கு ஓய்வு போயிற்று. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. துலா மிதித்து விழுந்து முறிந்த கால்களை ஊர் மறக்கவில்லை. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் குடும்பங்களை நிமிர்த்தியதும் அந்த மெசினால்தான். ஆனால் பூவரசங்குழையும் எருவும் தாட்ட தோட்டங்களில் செயற்கை உரம் வந்தது. நெருக்கமான மலசலகூடக் குழிகளும் சேர்ந்தன. 1980களிலேயே வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. கல்லுக்குள் மழை இறங்கும் வழியாகவே அதுவும் இறங்குகிறது.

காலநிலை மாற்றம் வந்து சேர்ந்திருப்பது இந்த இடத்துக்குத்தான். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. கடைசி ஆண்டுகளில் வேகம் கூடி வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றராகியது. பெரும்பகுதி பத்து மீற்றர்கூட உயரமில்லாத குடாநாட்டில், வில்லையின் ஓரங்கள் கடலோடு சேரும் மாதகல் போன்ற கரைகளில் இதன் அழுத்தம் முதலில் தெரியும். அதைவிட உடனடியானது மழையின் குணம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஏழு வீதம் அதிக நீராவியைத் தாங்கும். வங்காள விரிகுடா சூடேறும்போது, தாழமுக்கம் ஒன்று வந்தால் அது கொட்டக்கூடிய மழையும் கூடுகிறது. 2008 நவம்பர் 25ஆம் திகதி, நிஷா புயலின் போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. வருட மழையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, ஒரு நாளில். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறி, வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றபோதும் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது.

இப்படிக் கொட்டும் மழையைக் கல் குடித்து முடிப்பதற்குள் அது வழுக்கையாற்றால் கடலுக்குப் போய்விடுகிறது. அதே 1,250 மில்லிமீற்றர் அறுபது நாளில் நிதானமாகப் பெய்தால் கிணற்றுக்கு. ஆறு நாளில் பெய்தால் கடலுக்கு. வருட மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களை முன்னோர் குடாநாடெங்கும் வெட்டிவைத்தது ஓடும் தண்ணீரை நிறுத்திக் கல்லுக்குள் இறக்கத்தான். மாடு உரச ஆவுரஞ்சிக் கல்லும் குளிக்கக் கேணியும் அதோடு வந்தன. அவற்றில் எத்தனையோ இன்று தூர்ந்தும் குப்பை கொட்டியும் மதில் கட்டியும் போனது, மழை குணம் மாறும் இந்தக் காலத்தில் நமக்கு நாமே செய்துகொண்ட பெரும் கேடு.

பருவம் தப்பும் மழைக்கும் விலையுண்டு. வழுக்கையாற்று வயல்களில் மொட்டைக்கறுப்பன் போன்ற நெல்லைப் புழுதியிலேயே விதைப்பார்கள். மண் காய்ந்து தூளாக இருக்கும்போது விதைத்துவிட்டால், மழை வரும்வரை விதை மண்ணுக்குள் காத்திருக்கும். முதல் மழையின் ஒவ்வொரு துளியையும் பயன்படுத்தும் அருமையான முறை. ஆனால் புரட்டாதியில் ஒரு மழை பெய்து முளைக்கவைத்துவிட்டு, பின் மூன்று கிழமை வெயில் எறித்தால் வயல் முழுவதும் கருகும். பனாட்டுப் பாயில் அதே புரட்டாதி மழை விழுந்தால் களி பூஞ்சணம் பிடிக்கும். 2023 பெப்ரவரி முதல் நாட்களில், ஒடியல் காயவேண்டிய தை மாதத்தில், ஒரு தாழமுக்கம் இலங்கையைக் கடந்தது. அந்த மாதத்தில் வானம் வெளித்திருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய வேலைகளுக்கு அது ஒரு எச்சரிக்கை.

இந்த நாட்காட்டியை நம்பியிருப்பவர்கள் மனிதர் மட்டுமல்ல. வாடை திரும்பும் நாட்களில் தோட்டவெளிகளில் தும்பிகள் தாழப் பறக்கும். மழை வருகிறது என்பார்கள். மாலைதீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன், 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒக்ரோபர் முதல் இலட்சக்கணக்கான தும்பிகள் நன்னீர்க் குட்டைகளே இல்லாத அத்தீவுகளுக்கு வந்திறங்குவதை எழுதினார். இந்தியாவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றின் மேல் ஏறி, கிழக்கு ஆபிரிக்கா வரை அவை போகின்றன என்பது அவர் முடிவு. மழைப் பட்டையோடு நகர்ந்து, புதிதாகத் தேங்கும் குட்டைகளில் முட்டையிட்டு, வாரக் கணக்கில் தலைமுறை முடிக்கும் உயிர் அது. தும்பியையும் மழையையும் சேர்த்துப் பார்த்த ஊர்க்கண் தப்பாகப் பார்க்கவில்லை.

அதே காற்றில் கோடியக்கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றரளவு பாக்குநீரிணையை இரவில் கடந்து ஆறுமணிக்குருவிகள் வரும். களைத்துப்போய் முற்றத்திலும் விறாந்தையிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. கடனீரேரிகளில் பூநாரைகள், ஊசிவால் வாத்துகள், சேற்றைக் கிளறும் உள்ளான்கள். 2021இல் மன்னாரில் கருவி பொருத்தி விட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்த் திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதி வழியே கண்டார்கள். ஆர்க்டிக் பனி உருகும் நாளும் நமது கடனீரேரி நிரம்பும் நாளும் ஒரு பறவையின் உடம்பில் சந்திக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தால் இடையில் அகப்படுவது அந்தப் பறவை.

இடம் பெயராமல் ஊரோடு இருப்பவற்றுக்குப் பனைதான் வீடு. தொங்கும் காவோலை ஒன்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், மடிப்பின் பள்ளத்தில் ஓர் அரைக்கிண்ணம் ஒட்டியிருக்கும். இறகும் பஞ்சும் கலந்து எச்சிலால் ஒட்டிய அந்தக் கூட்டில்தான் பனை உழவாரன் இரண்டு மூன்று முட்டை இடும். ஓலை காற்றில் எப்படி ஆடினாலும் கூடு கழலாது. பகல் முழுதும் பறந்தே பூச்சி பிடிக்கும் இந்தப் பறவை தரையில் இறங்குவதே இல்லை. ஓலை நுனியில் தூக்கணாங்குருவி. ஆண்குருவி பச்சை ஓலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அதன் முனையைக் கவ்விக்கொண்டு பறக்கும். ஓலை நார் நாராகக் கிழிந்து கூட வரும். கூடு பாதியானதும் பெண்குருவி வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி வேலை. இந்தியாவில் தென்மேற்குக் காற்றில் கூடு கட்டும் தூக்கணாங்குருவிகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தையே தெரிவுசெய்வதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் வரும் என்பது குருவிக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

இரவில் பழத்துக்கு மரநாயும் வௌவாலும் வரும். பகலில், தலையிழந்த பனைகளில் கிளியும் பனங்காடையும் பொந்து தேடும். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சியில். அது போனால் மரம் போயிற்று. உள்நாட்டுப் போரில் ஷெல் விழுந்து தலை சீவப்பட்டு, கறுப்புத் தூண்களாக நின்ற பனைகளைக் குடாநாட்டில் பார்க்காதவர் இல்லை. உள்ளே சோறு உக்கிப் பொந்தானதும் பறவைகள் குடியேறின. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டிப்போன பனைகளோ எதையும் விட்டுவைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அந்த வருடம் புதைத்த பனம்பாத்திகளைக் கிண்ட ஆளில்லாமல் போயிற்று.

வேலிகளும் மாறிவிட்டன. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை நட்டு இடையில் பனையோலை அடைத்த வேலி, வளவுக்கு வளவு தொடர்ந்து போகும் ஒரு சிறு காடு. குழை தோட்டத்துக்கு, தழை ஆட்டுக்கு, நிழல் கிணற்றுக்கு; புலுனிக்கும் செண்பகத்துக்கும் கீரிக்கும் ஓணானுக்கும் போக்குவரத்துப் பாதை. மதில் வந்தபின் அந்தப் பாதை அறுந்தது. வெள்ளம் வடியும் வழியும் அறுந்தது. ஓலை வெட்டுவோர் குறைந்ததால் காவோலைகள் தொங்கியபடியே நிற்பது உழவாரனுக்கு இப்போதைக்கு நல்லதுதான். ஆனால் பராமரிப்பில்லாத பனை விலையில்லாத பனையாகி, காணி விற்கும்போது முதலில் சாய்கிறது.

இந்த அறிவைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பனையை மிக நெருக்கமாக அறிந்தவர்கள் சீவல் தொழிலாளர்கள். தளைநார் போட்டு நாளுக்கு இருமுறை ஏறி, பாளையை மெல்லிய சீவலாகச் சீவி, எந்த மரம் எந்தக் காற்றில் சுரக்கும், எது வற்றும் என்பதை மரம் மரமாக வைத்திருந்தவர்கள். அவர்களை இந்தச் சமூகம் சாதியின் பெயரால் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் தள்ளிவைத்தது. 1966இல் சுன்னாகத்தில் தொடங்கிய தீண்டாமைக்கு எதிரான எழுச்சி, பக்கத்துச் சங்கானையிலும் தேநீர்க்கடை வாசல்களில் போராட்டமாக வெடித்தது. அவர்களின் பிள்ளைகள் மரமேற மறுத்துப் பள்ளிக்கூடம் போனது நியாயம். மரபறிவு அழிகிறது என்று மேடையில் வருந்துவோர், அந்த அறிவுக்கு உரிய கூலியும் மதிப்பும் எப்போது கொடுக்கப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் கைதடியின் பனை ஆராய்ச்சியும் இத்தனை ஆண்டு செய்த வேலைக்கு நடுவில், பாதுகாப்பாக மரமேறும் வழியும் காப்புறுதியும்தான் மிக அவசரமானவை.

மரபறிவுக்கு இடமும் மதிப்பும் உண்டா என்ற இந்தக் கேள்வி மற்ற இடங்களிலும் எழுந்திருக்கிறது. கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்கள் காட்டையும் கடலையும் சேர்த்து வாசிப்பவர்கள். காணியும் காடும் கைமாறும்போது அந்த வாசிப்புக்கு இடமில்லாமல் போகிறது. ஆஸ்திரேலிய வானிலைத் திணைக்களம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குள்ள பழங்குடிகளின் பருவ நாட்காட்டிகளைத் தன் தளத்தில் சேர்க்கத் தொடங்கியது. எந்தப் பூ பூத்தால் எந்தக் காற்று, எந்த மீன் கொழுத்தால் எந்தப் பருவம் என்ற குறிப்புகள் அங்கே வெப்பமானி அளவுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2022 அறிக்கையும் உள்ளூர் அறிவைத் தகவமைப்புக்கு வேண்டிய அறிவாகவே எடுத்துக்கொண்டது.

பண்டத்தரிப்புக்கு அப்படியொரு பதிவேடு வேண்டும். பழைய நாட்காட்டி தவறிப் போகிறது என்பதற்காகவே அது வேண்டும்: எவ்வளவு தவறுகிறது என்று அளக்க, பழைய கணக்கு எழுத்தில் இருந்தாக வேண்டும். சோளகம் எந்தக் கிழமையில் விழுந்தது, முதல் தும்பி எப்போது, முதல் பனம்பழம் எந்த வளவில், ஆறுமணிக்குருவி வந்த நாள், தூக்கணாங்குருவி நார் கிழிக்கத் தொடங்கிய நாள், புழுதி விதைத்த நாளும் முளைத்த நாளும் என்று எழுதிவைப்பதற்குப் பெரிய செலவில்லை. கிணற்றுக்கு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும், நீரின் உவரைக் காட்டும் சிறு மின்கடத்துமானி ஒன்றும் போதும். ஊர்ப் பாடசாலைகளின் விஞ்ஞான மாணவர்கள், ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கிணற்றை மாதமொரு முறை அளந்தால், மாதகல் கரையிலிருந்து சண்டிலிப்பாய் வயல்வரை நன்னீர் வில்லையின் வடிவம் ஒரு வரைபடமாகக் கிடைக்கும். ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த சோளகம் முடிவதற்குள் ஒரு வருடத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

வடமாகாணத்தில் கார்த்திகைதான் மரம் நடும் மாதம். அந்த மாதம் குளக்கட்டுகளிலும் வழுக்கையாற்று ஓரத்திலும் பனங்கொட்டை போடுபவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். வடலி என்னும் இளம்பனையாகவே பல வருடம் நின்று, பன்னிரண்டு பதினைந்து வருடமாவது கழித்துப் பூத்தால்தான் அது ஆண்பனையா பெண்பனையா என்பதே தெரியும். இன்று புதைக்கும் கொட்டைகள் காய்க்கும்போது கடல் எங்கே நிற்கும், கிணறு எந்த உவரில் இருக்கும் என்பதையும் யோசித்துத்தான் இடம் தெரிவுசெய்ய வேண்டும். கரையோரம் போடுவதை ஆழமான மணலிலும், உள்ளே போடுவதைக் குளக்கட்டின் உட்சரிவை விட்டுப் புறச்சரிவிலும் போடலாம். முளை இறங்க மண் இளகியிருக்க வேண்டும் என்பதால், கல் தட்டும் இடமா என்று அலவாங்கால் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.